கால் சுற்று

பாய்சாண்டூவிலிருந்து இரண்டு மணி நேரம், செம்மண் சாலை.
என் கூலி மூவாயிரம் பேசோ, பெட்ரோல் தனி.
பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்:
ஆறாயிரம் டாலருக்குத் தகுமா, தகாதா.

கம்பளிக் கொட்டகையில் கிடந்தது
நாற்பத்தொன்பதாம் வருடத்து ஹட்சன்.
முன்கண்ணாடியில் கோழி எச்சம்.
பின்சீட்டுப் பஞ்சுக்குள் எலிகளின் ஏழு தலைமுறை.
இந்த வண்டிக்குள் யாரும் ஏறுவதில்லை, இறங்குவார்கள்;
தளம் அவ்வளவு தாழ்வு.
அதேமார் இறங்கினான்.
இறங்கியவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தான்.
பிடித்தவன் விடவில்லை.
பேரம் தொடங்கும் முன்பே பாதி வாங்கிவிட்டான்.

என்னிடம் ஒரு காந்தம் உண்டு,
உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது.
இரும்பென்றால் ஒட்டும், பூச்சுக்கு இரங்காது.
முன்கதவில் ஒட்டியது.
பின்கதவில் ஒட்டியது.
கதவுக்குக் கீழே, வண்டியின் பாரம் முழுதும் தாங்கும்
பெட்டித் தகட்டில் வைத்தேன்; விழுந்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன்; விழுந்தது.
ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன்.
பட்டி, செய்தித்தாள், கோழிக்கம்பி,
அப்புறம் வெறும் காற்று.

மாத்தேயை உறிஞ்சியபடி நின்றாள் சுல்மா பிதேகாயின்.
"என்ஜின் முப்பது வருடமாக இறுகிக் கிடக்கிறது.
பொய் சொல்லி விற்கிற பழக்கம் எனக்கில்லை."

பத்திரங்களைப் பார்க்க இருவரும் வீட்டுக்குள் போனார்கள்.
கிராங்க் நட்டில் ஸ்பானரை மாட்டி
முழு உடம்பையும் கொடுத்தேன், ஒரு கடமைக்கு.
ஒன்றுமில்லை.
இன்னொரு முறை.
தூக்கத்தில் புரள்கிறவன்போல்
கால் சுற்று.

திரும்பி வந்தவனிடம் கணக்கைச் சொன்னேன்.
தகடு வெட்டி வெல்டிங் வைக்க ஐயாயிரம்,
குரோம் இரண்டாயிரம்,
ஜன்னல் ரப்பர் இந்தக் கண்டத்திலேயே கிடையாது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.
"என்ஜின்?" என்றான்.
"அந்த அம்மாவே சொல்லிவிட்டாரே."

வழியெல்லாம் அவன் வாய் திறக்கவில்லை.
என் வாசலில் மூவாயிரம் எண்ணிக் கொடுத்தான்,
மேலே ஐநூறு வைத்தான்:
"என் காசைக் காப்பாற்றினாய்."

இரவு சமையலறையில் மறுபடி கணக்குப் போட்டேன்.
வெல்டிங் என் கை, அதற்குக் கூலியில்லை.
தகடு மச்சான் கடையில் கடனுக்கு.
குரோம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
பிறகு, பிறகு என்று
ஒவ்வொரு முறையும் தொகை இளைத்துக்கொண்டே வந்தது.
ஜன்னல் ரப்பரை எழுதவே மறந்துவிட்டேன்.
ஐநூறு பேசோ நோட்டு மேசையில் கிடந்தது.
அதன்மேல் காந்தத்தை வைத்தேன், பறந்துவிடாமல் இருக்க.

விடிந்ததும் போன் செய்தேன். நாலாயிரம் என்றேன்.
மறுமுனையில் உறிஞ்சும் சத்தம்.
நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"கொட்டகைக் கதவு
என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிர், தெரியுமா?
நீ திருப்பினாய். அது திரும்பியது.
இப்போது ஏழாயிரம்."