மீன் தராசு

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில்
கோமளாவிடம் இரவல் வாங்கிய தொங்கு தராசு.
கொக்கியில் இன்னும் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.
அரசுத் தராசு கேட்டு நான் போட்ட மனு
எந்த மேசையில் தூங்குகிறதோ, இரண்டு வருஷம்.

இரண்டு முறை திறந்து பார்த்தேன், காலி.
அவரும் ஒரு முறை பார்த்தார், காலி.
விசையில் கொக்கியை மாட்டி
மெல்ல இழுத்தேன்.
மூன்று கிலோ. மூன்றரை.
நாலுக்கு ஒரு கோடு முன்னால்
டக்.

"வஞ்சிரமா இருந்தா நாலு வீட்டுக்குக் காணும்"
என்றார் இன்ஸ்பெக்டர் தமயந்தி.
சிரிக்கவில்லை.

கையோடு கொண்டுவந்திருந்த இலக்குத் தாளில்
ஏழு ஓட்டையும் இடப்பக்கம், கீழே,
ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும்.
கை நடுங்கியிருந்தால் சிதறியிருக்கும்.
இது நடுக்கமில்லை.
இழுத்த இழுப்புக்குக் குழல் தலையாட்டியிருக்கிறது,
ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

சாட்சி சொல்லப்போகிற ஒரு பெண்ணுக்கு
ஆறு மாதமாக நிழல் இவர்.
சீருடை இல்லை. குர்த்தாவுக்குள், இடுப்பில்,
உள்ளங்கையில் மறையும் இந்தச் சின்னது.
இதை வரைந்தவன் விரல் நீளமாயிருக்க வேண்டும்.
இவருடையது வெண்டைப்பிஞ்சு;
முதல் ரேகை வரைதான் விசையில் எட்டுகிறது.

கழற்றினேன்.
உள்ளே மே மாதம் முழுக்க இருந்தது.
வியர்வை உப்பு, குர்த்தா நூல்,
முகப்பவுடரும் எண்ணெயும் குழைந்த
சந்தனம் மாதிரி ஒரு களிம்பு.
"இதையா சுமந்துட்டு அலையறேன்" என்றார்.
இரும்போடு இரும்பு உரசும் இடத்தில்
உமி அளவு ஒரு பிசிறு.
தேய்க்கவில்லை, தடவினேன்.
புதுப்பேட்டை வெயில் ஜன்னலில் நகர்ந்து
மேசையின் கடைசிக் கால் வரை போய்விட்டது.

மறுபடி கொக்கி.
மூன்றே கால்.

"இன்னும்?"
"சுருள்வில்லை மாத்தினா இறங்கும். மாத்த மாட்டேன்.
ஆட்டோல ஏறி இறங்குறீங்க மேடம், இடுப்புல இருக்கு."

கொஞ்ச நேரம் மின்விசிறிதான் பேசியது.

"பேசின் பிரிட்ஜ் கீழே, போன மார்கழி.
பாதி வரைக்கும் இழுத்துட்டேன்.
அவன் கையில இருந்தது சார்ஜர் ஒயர்."

துடைத்த துணியையே திரும்பத் துடைத்தேன்.

"கனமா இருந்ததாலதான் அவன் பொழச்சான்னு
கமிஷனர் ஆபீஸ்ல ஆளாளுக்குச் சொல்றாங்க.
நிறுத்துனது கனம் இல்ல, தங்கராசு.
நான்.
அந்த ஒண்ணை மட்டும்
இரும்புக்கு விட்டுத்தர மாட்டேன்."

பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
பழுது, பாகம், தேதி, கையொப்பம்,
அவ்வளவுதான் இருக்கிறது.
சுருள்வில்லை நான் மாற்றவும் இல்லை.

காலித் துப்பாக்கியின் முனையில்
ஒரு ரூபாயை நிற்கவைக்காமல் படுக்கவைத்தேன்.
சுவரில் காலண்டர் ஆணியைக் காட்டினேன்.
விழுந்தது.
விழுந்தது.
தரையில் உருண்டு பீரோவுக்கு அடியில் போனதை
அவரே குனிந்து எடுத்தார்.
"விரலை மட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன்,
"தெரியும், சும்மா இரு" என்றார்.
எத்தனையாவது முறை என்று எண்ணவில்லை.
டக் கேட்டது,
காசு இருந்த இடத்தில் இருந்தது.
அடுத்த முறை மறுபடி விழுந்தது.

போன் அடித்தது. கோமளா.
"அண்ணே, சாயந்திர ஏவாரம், தராசு எங்க?"
வந்துட்டே இருக்கேன் என்றேன்.

கையெழுத்துப் போடக் குனிந்தவர்
விசையை ஒரு கணம் உற்றுப் பார்த்து,
கொக்கியிலிருந்து அதில் ஒட்டிக்கொண்டிருந்த செதிலை
நகத்தால் பெயர்த்து
என் பதிவேட்டின் மேல் வைத்தார்.
விரலை முகர்ந்தார்.

"வஞ்சிரம் இல்ல," என்றார்,
"கொடுவா."