ஜீரோ பாருங்க

நேற்றே ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட்டிருக்க வேண்டும்.
மறந்துவிட்டேன்.
மாதிரி எடுக்கும் நாளில் பங்க் பக்கம் போகக் கூடாது.
கையில் ஒட்டிய ஆவி
குப்பிக்குள் இறங்கிப் பொய்ச்சாட்சி சொல்லும்.
பூ வைக்கவில்லை. கொசுவுக்குத் தடவவில்லை.
முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருக்க
கொருக்குப்பேட்டை கேட்டில்
வண்டியை அணைத்துவிட்டு நிற்கிறேன்.
சரக்கு ரயில். நாற்பத்தொரு டாங்கர்.
எண்ணினேன், வேறென்ன செய்ய.

ஆதிகேசவலு வீட்டு போர், முப்பத்திரண்டு அடி.
முதலில் வருவது குழாயில் தங்கின தண்ணீர்,
அது கணக்கில் சேராது.
இருபது நிமிடம் மோட்டார் ஓட வேண்டும்.
"கரண்ட் பில்லு யாரு கட்டுறது?"
பிறகு, எதிர்வீட்டுக்குக் கேட்காத குரலில்:
"நாத்தம்லாம் ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கம்மா.
மாடியில மூணு குடித்தனம் இருக்குது."

படிவத்தில் வாசனை என்று ஒரு கட்டம்.
மொத்தத் தாளிலும் என் மூக்கை நம்பும்
ஒரே இடம் அது.
உண்டு, என்று எழுதினேன்.
வாளியில் தண்ணீர்மேல் மயில்கழுத்து நிறம்,
தலையைச் சாய்த்தால் மாம்பழ மஞ்சள்.
ஜவுளிக்கடை என்றால் விலை கேட்டிருப்பேன்.

குப்பியைச் சாய்த்துப் பிடித்து
சத்தமில்லாமல் ஒழுகவிடுகிறேன்,
விளிம்புக்கு மேல் தண்ணீர் முதுகு வளையும் வரை.
மூடி. தலைகீழ். விரலால் ஒரு தட்டு.
கடுகளவு குமிழி எழுந்தாலும் அந்தக் குப்பி செல்லாது.
கிடைத்த காற்றுக்குள் பென்சீன் குடியேறிவிடும்,
வாடகை இல்லாமல்.

மாடிப்படியில் சகாயராணி
ஊறுகாய் பாட்டிலோடு இறங்கி வருகிறாள்.
மூடிமேல் பிளாஸ்டிக் உறை, ரெண்டு ரப்பர் பேண்ட்.
"பகல்ல கம்மிதாங்க. ராத்திரிதான் குப்புனு வரும்.
பதினோரு மணிக்குப் புடிச்சு வெச்சேன்."
முக்கால் பாட்டில் தண்ணீர். கால் பாட்டில் காற்று.
வாங்க முடியாது என்றேன்.
பாட்டிலை வெயிலுக்கு உயர்த்திப் பார்த்தாள்.
"வெந்நி ஊத்திதாங்க கழுவுனேன்."

"புள்ளைய இதுல குளிப்பாட்டலாமா, அதையாச்சும் சொல்லுங்க."
அதற்குக் கட்டம் இல்லை.
பதினைந்து வேலைநாள், என்றேன்.
அவள் மேலே ஏறின பிறகு
குறிப்பு என்கிற ஒற்றை வரியில்
எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி எழுதினேன்:
இரவில் அதிகம் எனக் குடியிருப்பவர் கூறுகிறார்,
பதினோரு மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.
கையெழுத்து, தேதி.
இனி அந்த இரவுக்கு யாராவது வந்தாக வேண்டும்.
நானாகத்தான் இருக்கும்.

ஐஸ் பெட்டியில் பன்னிரண்டு குப்பிகள்.
பதின்மூன்றாவது, காலையில் ஆய்வகத்திலேயே
நிரப்பி மூடின சுத்தத் தண்ணீர்.
தெருத்தெருவாகக் கூடவே வருகிறது.
யாரும் திறப்பதில்லை.
வழியில் ஏதாவது ஒட்டியதா என்று
முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள்.

கிண்டியில் பெட்டியை ஒப்படைக்கும்போது ஐந்து இருபது.
சின்னமலை ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது.
தள்ளிக்கொண்டு போனேன்.
பங்கில் குழாயைச் செருகிய பையன்
முகம் பார்க்காமலே சொன்னான்:
"ஜீரோ பாருங்க மேடம்."

பார்த்தேன்.