நூற்று நாற்பத்தேழாவது படிவம்

ஒரு படிவத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
ஆட்டோ காசு தனி, ரசீது இருந்தால்.
தலைப்பு: நகர மக்களின் அறத் தீர்ப்புகள்.
இருநூறு பேர். மார்ச்சுக்குள்.
பேராசிரியை வசுமதி சொல்வார்:
கைதான் முதலில் முடிவெடுக்கும்,
காரணம் பின்னால் மூச்சு வாங்க ஓடிவரும்.

ஒன்பதாம் கேள்வி எல்லோருக்கும் பிடிக்கும்.
நிற்காமல் வருகிறது ஒரு வண்டி.
நேர்ப் பாதையில் ஐந்து பேர், கிளைப் பாதையில் ஒருவர்.
நெம்புகோல் உங்கள் கையில்.
திருப்புவீர்களா?

அண்ணா நகர் பூங்காவில் ஒரு ஐ.டி. பையன்
பஜ்ஜியைக் கீழே வைக்காமலே திருப்பினான்.
புரசைவாக்கம் நகைக்கடை மேலாளர்
அந்த ஒருத்தர் என்ன ஆளுங்க என்று கேட்டார்,
எதையும் அழுத்தாமல்,
ஆனால் கேட்டார்.
விடுதிப் பெண் ஒருத்தி கொஞ்சம் அழுதுவிட்டு
மாட்டேன் என்று டிக் அடித்தாள்.

அயனாவரம் ரயில்வே குடியிருப்பில்
ஞானதுரை கதவைத் திறந்தபோது
ஒரு கன்னம் மழித்திருந்தது,
மறு கன்னத்தில் நுரை.
தொழில் என்ற இடத்தில்
மோட்டார்மேன், கடற்கரை – தாம்பரம்
என்று எழுதச் சொன்னார்.
எழுதி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.
ஒன்பதை வேகமாகப் படித்தேன்.
அவர் மெதுவாகக் கேட்டார்.

"திருப்புறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லைம்மா.
ஸ்டியரிங் கிடையாது.
ஹார்ன் இருக்கு. பிரேக் இருக்கு.
பிரேக் போட்டா நிக்க முந்நூறு மீட்டர்.
அந்த முந்நூறு மீட்டரும் பாத்துக்கிட்டே போகணும்."

உள்ளே யாரோ குக்கர் விசிலைச் சத்தமாக எண்ணினார்கள்.

"பழவந்தாங்கல் தாண்டி. காதுல வயரு, மஞ்சள் சட்டை.
பதினோரு நிமிஷம் லேட்டுன்னு எழுதினேன்.
தாம்பரம் வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.
அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.
அப்படித் தூங்கினேனேன்னு நெனைச்சுத்தான்
அப்புறம் தூக்கம் போச்சு."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். நுரை காய்ந்திருந்தது.
கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார்.

ஆம், இல்லை. இரண்டே கட்டங்கள்.
குற்றம் செய்யாதவனின் குற்றவுணர்வுக்குப்
புத்தகத்தில் பெயர் உண்டு,
பரீட்சைக்கு அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன்.
அது வராத ஓர் இரவுக்காக
ஆண்டுக்கணக்கில் வெட்கப்படுவதற்கு
என்ன பெயர்?

அரைகுறைப் படிவத்துக்குப் பணம் கிடையாது.
பேருந்து நிறுத்தத்தில், முழங்காலில் தாளை வைத்து
'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தேன்.
'நான் பொதுவாக நேர்மையானவன்' என்ற பதினான்காம் கேள்விக்கு
ஐந்துக்கு நான்கு போட்டேன்.
ஐந்து போட்டால் நம்பமாட்டார்கள்.
காரணம் மூச்சு வாங்காமலே வந்து சேர்ந்தது:
இருநூறில் ஒன்று. அரை சதவீதம்.

மாலை, கோடம்பாக்கம்.
நடைமேம்பாலத்துக்கு ஏகப்பட்ட படிகள்,
பையில் ஒரு கட்டு மனசாட்சிகள்.
முன்னால் போனவர்கள் நடைமேடை விளிம்பில் உட்கார்ந்து
தண்டவாளத்தில் இறங்கினார்கள். நானும்.
செருப்புக்கடியில் ஜல்லி உருண்டது.

ஹார்ன்.
நீளமாக, விடாமல்.

யாராகவும் இருக்கலாம்,
இந்நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கொரு வண்டி.
நிமிர்ந்தால் கண்ணாடிக்குப் பின்னால்
முகம் தெரிகிற தூரம்தான்.

ஜல்லியைப் பார்த்தபடியே நடந்தேன்.