கழிவு போக

ஃபுகுவோகாவில் மழை. நூடுல்ஸ் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் பதினொரு பேர் செய்த தவளை
இந்த மாதமும் முதலிடம்.

மிசாவோ குரோய்வா அறிக்கையைத் திறக்கிறாள்.
டோக்கியோவிலிருந்து வந்தது,
பதினேழு பக்கம், சிவப்பு முத்திரை.

எங்கோ ஒரு சுங்கச்சாவடியில்
இரவுப்பணிக்காரன் ஒருவன்
பின்னிரவு இரண்டே காலுக்குத்
தவளைக்குக் குடை வாங்கினான்.
ஐந்நூறு யென்.
வாங்கிய கணமே குடை விரிந்துவிட்டது.
காசுதான் நடந்து வருகிறது
அறுபது நாள்
நனைந்து நனைந்து.

வாசலிலேயே ஆப் கடை எடுத்தது நூற்றைம்பது.
கதவு அவர்களுடையது, பேச இடமில்லை.
மீதி முந்நூற்றைம்பதைப் பதிப்பாளர் வாங்கி
விளம்பரத்துக்கென்று நூற்றிருபது எடுத்துவைக்கிறார்
(ரயிலில் பார்த்திருப்பீர்கள், கதவுக்குக் கதவு தவளை),
சர்வருக்கு முப்பது.
நிற்பது இருநூறு.
இதற்குப் பெயர் நிகரம்.

நிகர் என்றால் இணை, ஒப்பு, ஈடு.
ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவில் மட்டும்
அடுத்தவர் எடுத்தபின் கிடப்பது.
கையெழுத்திட்ட அன்று ஹிதேமாரோ கேட்டான்:
"முப்பது சதவீதம் சரி, எதில் முப்பது?"
மூன்று மாத வாடகை பாக்கி அப்போது.
பதில் வருமுன் தேநீர் வந்தது.
குடித்தான்.

தவளையின் முகம் பழைய படக்கதை ஒன்றிலிருந்து இரவல்.
முகத்துக்கு உரியவர்களுக்கு இருபது.
நூற்றெண்பதில் எழுபது பங்கு அங்கே,
முப்பது பங்கு இங்கே.
ஐம்பத்து நான்கு யென்.
குடையில் கைப்பிடி.

அதுவும் வந்து சேரவில்லை.
முன்பணம் வாங்கியிருந்தார்கள்,
விளையாட்டு விளையாட்டாகும் முன்பே தின்று தீர்த்த சோறு.
ஐம்பத்து நான்கு ஐம்பத்து நான்காக
அதை அடைத்துக்கொண்டிருந்தது தவளை.
பதினெட்டு மாதமாய் கடைசிக் கட்டத்தில் எண் இல்லை.
ஒரு கிடைக்கோடு.

ஊரெல்லாம் தவளை கத்துகிறது.
அந்தக் கத்தல் தத்சுஹேயுடையது.
வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
கழிவறையில் அரைமணி நேரம் கத்தினான்.
பகுதிநேர வேலை, மணிக்குத் தொள்ளாயிரம்.
அவனுக்குச் சேர்ந்தது நானூற்றைம்பது.
ஒரு குடைக்கு ஐம்பது குறைவு.

கோடிப் பதிவிறக்கத்துக்கு விருந்து வைத்தார் பதிப்பாளர்.
"எல்லோரும் ஒரு குடைக்கீழ்" என்றார்.
ஆளுக்கொரு கண்ணாடித் தவளை, அடியில் பெயர் பொறித்து.
தத்சுஹேயின் பெயரில் ஒரு எழுத்து பிழை.

மிசாவோ பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறாள்.
விளம்பரச் செலவின் கீழ், சிறிய எழுத்தில்:
நினைவுப்பரிசு, கண்ணாடி, பதினொன்று.
கழிக்கப்பட்டது.

மேசையில் உட்கார்ந்திருக்கும் அதைத்
திருப்பிச் சுவர் பார்க்க வைத்தாள்.
பிறகு கடைசிப் பக்கம்.

கோடு இல்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.
மாதக் கடைசி இரவில் தீர்ந்திருக்கிறது முன்பணம்.
விடிவதற்குள் விழுந்தது
மூவாயிரத்து நூற்று ஆறு யென்.

முதலில் சிரித்தது ஹிதேமாரோதான்.
அப்புறம் படியில் பதினொரு ஜோடிச் செருப்புச் சத்தம்.

கீழே ஐந்து கிண்ணம் சொன்னார்கள்,
பதினொரு ஜோடிக் குச்சி கேட்டார்கள்.
கடைக்காரர் முகத்தைப் பார்த்தார், கொடுத்தார்.
ஆவி எழும் ஒவ்வொரு கிண்ணத்திலும்
பாதி முட்டை.

அது யாருக்கு என்று
நான்காம் பிரிவில் ஒன்றும் இல்லை.