நான்காம் எண் நோயாளி

காலை எட்டரைக்குக் கையில் ஒரு தாளைத் தருவார்கள்.
அதன்படி எனக்கு வயது ஐம்பத்தெட்டு,
சர்க்கரை பதினான்கு புள்ளி இரண்டு,
மனைவி இறந்து ஐந்து மாதம்.
கடைசி வரியை, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்.
கேட்காதவரிடம்
"எல்லாம் அளவாத்தான் சாப்பிடுறேன்."
இந்தப் பொய் மட்டும் தடித்த எழுத்தில்.

செருப்பு ஆலையை மூடியபின்
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எனக்குக் கிடைத்தது இதுதான்.
நாளைக்கு ஆறு மாணவர்.
இருபது நிமிடத்துக்கு ஒரு மணி.
மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு
முதலிலிருந்து நோயாளியாக வேண்டும்.

ஒருத்தி என் முகத்தையே பார்க்கவில்லை,
பழுப்பு ரொட்டி என்று எழுதி அடிக்கோடிட்டாள்.
ஒருவன் புகைப்பீர்களா என்று மூன்று தடவை கேட்டான்,
பாவம், அவனுக்குக் கை நடுங்கியது.
மேசையில் பிளாஸ்டிக் கோழிக்கால்,
அரைக் கோப்பை பிளாஸ்டிக் சோறு,
எந்த வெயிலிலும் வாடாத கீரை.
எங்கள் வீட்டு ரொட்டி மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை.

ஆறாவது நொக்வாஸி. எடன்டேல் பெண்.
பெட்டியைக் கிளறிப் பார்த்தாள்,
நோட்டின் கடைசித் தாளை வட்டமாய்க் கிழித்தாள்.
"இந்த அளவா?"
"இன்னும் பெரிசு."
இன்னொரு தாள். "இது?"
"ம்."
"எத்தனை?"
"நாலு."
"யார் சுடுவாங்க?"

கடையில் வாங்குகிறேன் என்றுதான் தாளில் இருந்தது.
நான் "கோகி" என்றேன்.

அந்தத் தாளில் செத்தவளுக்குப் பெயரே கிடையாது.
பேனாவைக் கீழே வைத்துவிட்டு நொக்வாஸி மெதுவாகக் கேட்டாள்,
கோகி இப்போது எங்கே என்று.
ஐந்து தடவை தடங்கலில்லாமல் வந்த வரி
நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.
கண்ணாடிக்கு அப்பால் பேராசிரியை
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்,
என்ன நடிப்பு என்று.
மணி அடித்தது.

மதிப்பெண் தாளில் ஒரே கேள்வி:
உங்கள் பேச்சு கவனிக்கப்பட்டதாக உணர்ந்தீர்களா?
ஐந்துக்கு ஐந்து போட்டேன்.
ஏன் என்ற இடத்தை விட்டுவிட்டேன்.

நார்த்டேலில் பஸ் இறங்கும்போது இருட்டிவிட்டது.
அடுப்படியிலிருந்து வழக்கமான கேள்வி:
"இன்னைக்கு எத்தனை தரம் செத்தேன்?"
"அஞ்சு."
"ஆறு பேருன்னீங்களே?"

கை கழுவி உட்கார்ந்தேன்.
சட்டைப்பையிலிருந்து காகித வட்டத்தை எடுத்து
சூடான ரொட்டிமேல் வைத்துப் பார்த்தேன்.
சுற்றிலும் ஒரு விரல் அளவுக்கு
ரொட்டி வெளியே தெரிந்தது.
நான் பொய் சொல்லியிருக்கிறேன்,
தாளில் இல்லாத பொய்.

கோகி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
நாலாவதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.