உருபில்லாத பெயர்

மாலை ஐந்தே முக்காலுக்கு
ஹட்டனில் எடுக்கும் பொகவந்தலாவை பஸ்ஸில்
ஆசனம் கிடைத்தால் இருந்தபடி பாடம்,
கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடி பாடம்.
காதுக்குள் ஒருத்தி குரோஷிய மொழியில் சொல்கிறாள்:
யா ஸம். நான் இருக்கிறேன்.
நோர்வூட் தாண்டினால் சிக்னல் போய்விடும்.
அதற்குள் நாலு வாக்கியமாவது சேர வேண்டும்.

இந்த ஸம் ஒரு வினோதப் பிறவி.
முன்னுக்கு யார் உட்கார்ந்தாலும்
அதற்கு இரண்டாம் ஆசனம்தான்.
'நான்' இறங்கிப்போய் 'இலங்கையிலிருந்து' ஏறினால்
அதன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.
ஒருநாளும் முதலில் வராது.
நமக்கென்றால் வினை கடைசிப் பயணி,
கதவடியில் தொங்கினாலும்
அது ஏறினால்தான் பஸ் நகரும்.

பகலில் பாமசியில் நிற்கிறேன்.
பெனடோல் அட்டையைக் கத்தரிக்கும்போது
வாய்க்குள் எண்ணுகிறேன்:
த்வியே தாப்லெதே, த்ரி தாப்லெதே,
நாலுவரைக்கும் அதுதான்.
ஐந்தில் வால் மாறுகிறது, பெத் தாப்லெதா.
ஏன் ஐந்தில்?
நாலோடு காய்ச்சல் விடாதவர்களுக்கு
வேறு வரிசையோ என்னவோ.
எங்கள் கவுண்டரில் ரெண்டும் குளிசை, அம்பதும் குளிசை.
'கள்' கேட்டு யாரும் வருவதில்லை.

வேற்றுமை ஏழு என்றதும்
நிலூஷா தலையில் கைவைத்தாள்.
எனக்கு எட்டு பழக்கம்.
ஐ ஆல் கு இன் அது கண்,
பள்ளியில் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு
எதற்கென்று கேளாமல் உட்கார்ந்தேன்.
அங்கே தேநீரைக் குடித்தாலும் தேநீர் தேநீராகவே இருக்கிறது.
தொழிலாளியைக் கண்டால்தான் கடைசியில் ஓர் 'ஆ':
ராட்னிக், ராட்னிகா.
யோசித்தால், நாங்களும்
தேத்தண்ணி குடித்தோம் என்கிறோம்,
மாமி கண்டோம் என்றால் சிரிப்பார்கள்.

வியாழக்கிழமை ஒப்பந்தம் வந்தது.
பாமசிக்கு மேல்மாடி, ஏஜென்சி கிருபாகரன்
விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்:
தங்குமிடம். சம்பளம். தொழிலாளி.
எல்லாம் போட்டிருக்கிறது தங்கச்சி, கையெழுத்து வையுங்கள்.

ஸ்மியெஷ்தாய் ப்லாச்சா ராட்னிக்.

நடுவில் காற்புள்ளி இல்லை என்பது
இரவு பதினொன்றுக்குத்தான் தட்டுப்பட்டது.
கரண்ட் போயிருந்தது. போன் வெளிச்சம்.
ப்லாச்சா என்றால் சம்பளம்.
ப்லாச்சா என்றால் காசு கட்டுகிறான் என்றும்.
பெயரென்று நினைத்தது வினை.
அப்படியென்றால் யார் கட்டுவது?
தங்குமிடம் முன்னுக்கு நிற்கிறது,
ஆனால் அந்த மொழியில்
முன்னுக்கு நிற்பதெல்லாம் எழுவாய் இல்லை.
ராட்னிக்கின் வாலில் 'ஆ' இருக்கிறதா என்று
வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்தேன்.
இல்லை. மொட்டையாக நிற்கிறான்.
எழுவாய்க்கு உருபில்லை, அங்கேயும்.

தங்குமிடத்துக்குத் தொழிலாளி கட்டுகிறான்.
எவ்வளவு என்று அடுத்த வரியில் இல்லை.
அதற்கடுத்த வரி விடுமுறை பற்றியது.

காலையில் நிலூஷாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன்.
அவள் நம்பவில்லை.
மூன்று குளிசை உறைகளில் மூன்று சொல்லையும் எழுதி
கவுண்டர் கண்ணாடிமேல் பரப்பினோம்.
தொழிலாளியை முதலில் வைத்தோம்.
கடைசியில், நடுவில் வைத்தோம்.
இருமல் பாணி வாங்க வந்தவர் காத்து நின்றார்.
எப்படி அடுக்கினாலும்
கட்டுவது நாங்கள்தான்.

நாலாவது உறையில் பொஸ்லொதாவட்ஸ் என்று எழுதினேன்.
வேலை கொடுப்பவன்.
மேலே போய், கிருபாகரனின் மேசையில்
ராட்னிக்கை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் அதை வைத்தேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அங்கே கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.
பிறகு, இதெல்லாம் எங்கே படித்தீர்கள்?

வாயில் ஸம்தான் முதலில் வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.
உச்சிலா ஸம், என்றேன்.
படித்தேன்.
பஸ்ஸில் என்பதைத் தமிழில் சொன்னேன்.