ஒற்றை ஒன்பது

கோழிக்கு ஞாயிறு தெரியாது.
புதுச்சத்திரம் பண்ணையில் நாலரைக்கு லைட் போட வேண்டும்,
ஐந்தேகாலுக்குத் தீவனம்,
எட்டுக்குள் முதல் சுற்று முட்டை,
தட்டுக்கு முப்பது, கூர்முனை கீழே.
ஒரு வாரம் லைட்டை முன்னே பின்னே போட்டுப் பாருங்கள்,
பத்தாயிரம் கோழியும் கோபத்தை
முட்டைக் கணக்கில் காட்டும்.

எட்டு இருபதுக்கு மொபெட்டை உதைக்கிறேன்.
சட்டை மாற்றியாகிவிட்டது, வாசம் மாறவில்லை.
கடைசி பெஞ்சு எனக்கென்று யாரும் எழுதி வைக்கவில்லை.
பதினோரு வருஷமாக வேறு யாரும்
அதில் உட்காரவுமில்லை.

மணி அடிக்கும் முன் எனக்கொரு வேலை,
பாட்டு எண் பலகை.
பிஸ்கட் டப்பாவில் மர எண்கள்.
ஆறு தொலைந்து மூன்று வருஷம்.
இருக்கிற ஒற்றை ஒன்பதைத் தலைகீழாக மாட்டுகிறேன்.
ஆறும் ஒன்பதும் ஒரே ஞாயிறில் வந்தால்
ஆயருக்குப் போன் போட்டு
ஒரு பாட்டை மாற்றச் சொல்வேன்.
மாற்றுவார், முணுமுணுத்துக்கொண்டே.

அடுத்த ஷெட்டில் வேலை செய்யும் செல்வின்
வேறு சபை, கைதட்டிப் பாடுகிற சபை.
"ஏனுங்ணா, வாராவாரம் அதே ஜெபத்தையே படிக்கறீங்களே,
சலிக்காதுங்களா?"
சலிக்கும்.
சொந்தச் சொல்லை மட்டும் நம்பிப் போயிருந்தால்
பாதி ஞாயிறு ஊமையாக நின்றிருப்பேன்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
"நிப்பிள்ல தண்ணி ஒழுகுது பாரு" என்றேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு ஆயர் வரவில்லை.
மூன்று ஊர் சபை அவருக்கு,
ராசிபுரம் பக்கம் பாலத்தின் மேல் தண்ணீர்.
கரண்டும் இல்லை.
வந்தது நான்கு பேர்,
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
"ஒரு ஜெபம் பண்ணீட்டுக் கெளம்பலாமுங்க" என்றார் மாசிலாமணி.
சாராள் டீச்சர் கண்ணாடியைத் துடைத்து
முதல் பக்கத்தைத் திறந்தார்.
அவ்வளவுதான், பேச்சில்லை.
பாவ அறிக்கை, சங்கீதம், நிருபம்.
சுவிசேஷத்துக்கு எழுந்து நின்றோம்.
மழைக்கு ஒதுங்கியவரும் எழுந்தார், எதற்கென்று தெரியாமல்.
மன்னிப்பை ஆயர்தான் சொல்ல வேண்டும்.
அவர் சொல்லும் இடம் வந்தபோது
அதைக் காலியாகவே விட்டுக் காத்திருந்தோம்.
மழை அதைச் சொன்னதா என்று கேட்காதீர்கள்.
மழை மழையாகத்தான் பெய்தது.
காணிக்கை நூற்றிப் பத்து ரூபாய்.
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அந்த வாரமே புதன்கிழமை
லேயாளோடு சண்டை.
சீட்டுப் பணத்தை அவள் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.
நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.
இரவு ஒன்பதுக்கு, தினமும் போல, போன் மணி அடித்தது.
அவள் அடுப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்,
நான் கதவைப் பார்த்து.
ஆளுக்கொரு புத்தகம், ஒரே பக்கம்.

அச்சடித்த ஜெபத்தில் 'நான்' இல்லை.
'நாம்' கூட இல்லை,
கேட்கிறவர் அதில் சேர மாட்டார்.
'நாங்கள்' என்றுதான் இருக்கிறது.
அவரை எதிரே நிறுத்திவிட்டு
எங்கள் இருவரையும் ஒரே கூண்டில் பூட்டுகிற சொல்.
எத்தனை ஆயிரம் தடவை படித்தேனோ,
அன்றைக்குத்தான் தொண்டையில் மாட்டியது.
அவள் அதை வேகமாகச் சொல்லித் தாண்டினாள்.
நான் பின்தங்கினேன்.
மூன்றாவது 'நாங்க'ளில்
என்னையறியாமல் சேர்ந்துகொண்டேன்.

சீட்டுப் பணம் இன்னும் வரவில்லை.
காலை நாலரைக்கு லைட் போட்டேன்.

சனிக்கிழமை ஆயர் கூப்பிட்டார்.
"முதல் பாட்டு நூற்றி அறுபத்தொன்பது."
"ஐயா..." என்றேன்.
"தெரியுது, தெரியுது,
வேற சொல்றேன், எழுதிக்கோ."